பெயரும் கையும்

ஒரு பொருளுக்கு ஓர் ஊரின் பெயரைச் சூட்டும்போது நாம் சான்று பகர்கின்றோம். இன்ன ஊரில், இன்ன முறையில் இது உருவானது என்று அப்பெயர் வாங்குவோரிடம் உரைக்கிறது. அது பொய்யானால், பொய்ச்சான்று கூறலாகாது என்னும் கட்டளை அங்கே மீறப்படுகிறது. ஆனால் பெயர் மெய்யாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா?

காஞ்சிபுரம் பட்டும், பிரான்சு நாட்டின் ஷாம்பேன் என்னும் நுரைக்கும் வெண்மதுவும் இவ்வினாவை நம்முன் வைக்கின்றன. ஒன்று நம் மங்கல நாள்களில் உடுத்தப்படுவது. மற்றொன்று மேலைநாட்டார் தம் மகிழ்ச்சி நாள்களில் அருந்துவது. இரண்டும் ஊர்ப்பெயரால் வாழ்பவை.

ஷாம்பேன் குளிர் மிகுந்த நிலம். அங்கே குளிர்காலத்தில் மது புளிப்பது இடையில் நின்று, வசந்தத்தில் மீண்டும் தொடங்கும். அப்போது எழும் வாயுவால் குமிழிகள் தோன்றும், புட்டிகள் வெடிக்கும். ஓவில்லேர் மடத்தில் 1668 முதல் 1715 வரை வாழ்ந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி தோம் பெரிஞ்ஞோன் நுரைமதுவைக் கண்டுபிடித்தார் என்பது கதை. உண்மையில் அவர் குமிழிகளைத் தவிர்க்கவே முயன்றார். அன்றைய குறை பின்னாளில் பெருமையாயிற்று. பெருமையைத் தொடர்ந்து போலியும் வந்தது. வணிகர் சிலர் வெளியூர்த் திராட்சையைக் கொணர்ந்து அதே பெயரில் விற்றனர். 1911ஆம் ஆண்டில் பிழைப்பிழந்த உழவர்கள் கொதித்தெழுந்தனர். ஆயி என்னும் ஊரில் வணிகர்களின் இல்லங்கள் எரிந்தன. பெயரைக் காப்பது அவ்வுழவர்களுக்கு அன்றாட உணவைக் காப்பதாகவே இருந்தது.

காஞ்சியின் நிலை சற்றே வேறு. ஷாம்பேனில் திராட்சை அம்மண்ணிலேயே விளைய வேண்டும். காஞ்சிக்கோ பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்தும் வருகிறது. அப்படியானால் சேலையில் காஞ்சி எங்கே இருக்கிறது? நெசவாளரின் கையில் இருக்கிறது. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்களை ஓட்டி, இரு நிறங்களையும் இழைக்கு இழை கோத்து நெய்வதே கோர்வை. இதற்கு நெய்பவரோடு கரை நாடாவை எறிய இன்னொருவரும் தறியருகே அமர வேண்டும். மண் தந்த பெயர் அது. கை தந்த பெயர் இது.

1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் 2005-06இல் காஞ்சிபுரம் பட்டு பதிவு பெற்றது. அதே பதிவேட்டில் ஷாம்பேனும் இடம் பெற்றுள்ளது. போலிகளிலிருந்து உழைப்பாளரைக் காக்க இது நல்லதொரு கேடயம். ஆயினும் குறியீடு ஊரையும் முறையையும் சொல்லுமேயன்றி, கரை நாடாவை எறிந்த கை யாருடையது, அதற்கு என்ன கூலி கிடைத்தது என்று சொல்லாது. 1990களில் காஞ்சித் தறிகளில் அவ்விடத்தில் சிறுவர் சிறுமியர் பலர் அமர்ந்திருந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பள்ளியை இழந்து உழைத்தனர். அவர்கள் உழைப்பில் உருவான சேலையும் அசல் காஞ்சிபுரம் பட்டுதான். ஷாம்பேனிலும் 2023 அறுவடையின்போது, பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கரான ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மனிதர் வாழத் தகாத இடத்தில் தங்கவைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டனர். 2025இல் நீதிமன்றம் அதனை மனித வணிகமெனத் தீர்ப்பளித்துத் தண்டித்தது. அவர்கள் பறித்ததும் அசல் ஷாம்பேன் திராட்சைதான்.

வாங்குகின்ற நாம் இவற்றையெல்லாம் எவ்வாறு அறிவது என்று கேட்கலாம். முற்றிலும் அறிய இயலாதுதான். ஆனால் திருமணப் பட்டெடுக்கச் செல்லும் நம் குடும்பங்கள் ஜரிகை அசலா என்று வினவுகின்றன. விலையைக் குறைக்கச் சொல்லி மன்றாடுகின்றன. நெய்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்போர் அரியர். பலரும் கேட்கத் தொடங்கினால் கடைக்காரரும் விடை தேடியாக வேண்டும். பொருளின் மெய்ம்மையில் நாம் செலுத்தும் கவனத்தில் ஒரு பாதியையேனும் அதனை ஆக்கியவர்மீதும் செலுத்துவது நம் கடன். அடுத்த பட்டு வாங்கும் நாளிலேயே அதனைத் தொடங்கலாமே.