துலா மிதித்தவர்களின் பிள்ளை நீ!

“உங்கட மெசேஜை நான் காணேல்லை.”

இந்த வசனத்தை இந்த மாதம் எத்தனை பேருக்குச் சொன்னாய்? எண்ணிப் பார்!

ஒடியல் மாவும் பனங்கட்டியும் கேட்டு லண்டனிலிருந்து எழுதியவருக்குச் சொன்னாய். பெயர்ப்பலகை வடிவமைத்துத் தரக் கேட்ட கொழும்புக் கடைக்காரருக்குச் சொன்னாய். நேர்முகத் தேர்வுக்கு நாள் குறித்து அனுப்பிய கம்பனிக்கும் சொன்னாய்.

வந்தது தம்பி! வந்தது தங்கச்சி! உன் வீட்டு வாசலுக்கே வந்தது. நீ வேறு வாசலில் நின்றாய்.

வட்ஸ்அப் ஒரு வாசல். வைபர் ஒரு வாசல். மெசஞ்சர், இன்ஸ்டாகிராம், டெலிகிராம், ஜிமெயில், லிங்க்ட்இன்... ஏழு வாசலுக்கும் மாறி மாறி ஓடுகிறாய். ஓடி ஓடி ஒருவருக்கும் மறுமொழி எழுதவில்லை.

பிறகு நேரமில்லை என்கிறாய். நேரம் இருக்கிறது! அது வாசலுக்கு வாசல் சிந்திப்போகிறது.

எனக்கும் இது நடந்தது. ரொறன்ரோவிலிருந்து ஒருவர், ஓர் ஆண்டு விழா மலர் முழுவதையும் செப்பனிட்டுத் தரக் கேட்டிருந்தார். மெசஞ்சரில், தெரியாதவர்களின் செய்திகள் போய் ஒதுங்கும் பெட்டிக்குள் அது 19 நாள் கிடந்தது. நான் கண்டபோது மலர் அச்சுக்குப் போய்விட்டது.

அந்தப் பணம் போனது எனக்கு வலிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என்னை நம்பி எழுதி, 19 நாள் பார்த்துக்கொண்டு இருந்தாரே! அது வலித்தது.

நீ எந்த மண்ணில் நிற்கிறாய் தெரியுமா?

மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டினார்கள். துலாவில் ஏறி மிதித்தார்கள். பட்டையால் இறைத்தார்கள். அந்தத் தண்ணீரில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. அந்தக் காசில் பிள்ளைகள் படித்தார்கள்.

துலா மிதிப்பவரை எல்லோரும் பார்த்தார்கள். வரம்பில் மண்வெட்டியோடு நின்று தண்ணி மாறியவரை நீ பார்த்தாயா?

அவர் எல்லாப் பாத்திகளின் வாயையும் ஒரேயடியாகத் திறந்தாரா? இல்லை! ஒரு பாத்தி நிறைந்தது. அந்த வாயை அடைத்தார். அடுத்த வாயை வெட்டினார். கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணீர் போனது.

நீ என்ன செய்கிறாய்? ஏழு வாயையும் திறந்து வைத்துவிட்டு, பயிர் வாடுகிறதே என்று அழுகிறாய்!

வாய்க்காலை ஒன்றாக்கு. ஒரு கணினி. ஒரு யன்னல். உனக்கு வரும் எல்லாம் அதற்குள் வரட்டும்.

“அது பெரிய கம்பனிகளின் வேலை, எங்களுக்குச் சரிவராது” என்கிறாயா?

1998 இல் அமெரிக்காவின் ஓபர்ன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஸ்பென்சர் என்றொரு மாணவன் இருந்தான். ஏஓஎல் நிறுவனத்தின் அரட்டைச் சேவையை லினக்ஸ் கணினியில் பாவிக்க விரும்பினான். தானே ஒரு மென்பொருள் எழுதினான். பலர் கைகொடுத்தார்கள். பல அரட்டைச் சேவைகள் அந்த ஒரே மென்பொருளுக்குள் வந்து சேர்ந்தன.

அந்த மென்பொருளின் பெயரால் ஏஓஎல்லோடு பிணக்கு வந்தது. 2007 இல் பெயரை மாற்றினார்கள். ‘பிட்ஜின்’ பிறந்தது.

2017 இல் ஏஓஎல்லின் அரட்டைச் சேவை மூடப்பட்டது. மாணவன் தொடக்கிவைத்த பிட்ஜின் மூடப்படவில்லை!

தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பார். 2004 இல் முதற்பதிப்பு வந்தது. 2012 இல் அதை வெளியிட்ட மொசில்லா, அதற்கு இனி முன்னுரிமை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. முடிந்தது கதை என்றார்கள். தொண்டர்கள் விடவில்லை. பாவிப்பவர்களின் நன்கொடையில் அது எழுந்தது. 2024 இல் ஆண்ட்ராய்ட் போனுக்கும் வந்துவிட்டது.

கைவிடப்பட்ட ஒரு மென்பொருளே எழுந்து நின்றதென்றால், உனக்கு என்ன குறை?

இன்னொன்றும் கேள். அந்தத் தண்டர்பேர்ட் இலங்கைத் தமிழுக்கென்றே தனிப் பதிப்பாகப் பல வருடங்கள் வெளிவந்தது. யாரோ இருந்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கினார்கள். நீ தமிழில் கடிதம் படிக்க வேண்டும் என்பதற்காக!

நீயோ அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இன்றைக்கே திற. உன் மின்னஞ்சல் கணக்குகள் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவா. கடைக்கு ஒன்று, வேலை தேட ஒன்று, பழைய யாஹூ ஒன்று, எதையும் விடாதே! நாட்காட்டி அங்கேயே இருக்கிறது. செய்தியோடைகளும் மேட்ரிக்ஸ் அரட்டையும் அதற்குள் வரும்.

வட்ஸ்அப்புக்கும் மெசஞ்சருக்கும் டெலிகிராமுக்கும் ஃபேர்டியம் என்ற மென்பொருள் இருக்கிறது. அதுவும் இலவசம். ஒவ்வொரு சேவையின் இணையப் பதிப்பையும் ஒரே யன்னலில், பக்கத்துப் பக்கத்தில் அடுக்கித் தரும். ஜிமெயிலையும் அதிலேயே திறக்கலாம். வைபர் மட்டும் அதற்குள் வராது, அதற்கு இணையப் பதிப்பு இல்லை. பெரியம்மாவின் வைபரைத் தனியாக வைத்துக்கொள். ஆறு வாசல் ஒன்றானால் போதாதா?

“என்ர லப்டொப் பழசு.”

பழசென்றால் நான்கு சேவையோடு தொடங்கு! ஒவ்வொரு சேவையும் நினைவகத்தைத் தின்னும், உண்மைதான். உனக்கு உழைப்புத் தரும் நான்கைச் சேர். மற்றதைப் பிறகு பார்.

“கரண்ட் போகும்.”

கரண்டா? யாரிடம் சொல்கிறாய்?

1990 இல் போரால் இந்தக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் அறுந்தது. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். ஒரு கடிதம் வர மாதக்கணக்கில் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வந்த கடிதத்தை ஒழுங்கை முழுவதும் வாசித்தது.

அந்த வீட்டுப் பிள்ளை, வந்த கடிதத்தைத் திறக்காமல் வைத்திருக்கலாமா?

2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அன்றைக்கும் பற்றரி இருந்த மட்டும் எழுதியவர்கள் இருந்தார்கள். தண்டர்பேர்ட் உன் கடிதங்களைக் கணினிக்குள்ளேயே இறக்கி வைக்கிறது. இணையம் இல்லாதபோதும் படி. மறுமொழியை எழுதிப் ‘பிறகு அனுப்பு’ என்று வை. இணைப்பு வந்ததும் அனுப்பலாம்!

“எனக்கு இங்கிலிஸ் வராது.”

தமிழில் எழுது! ஸ்காபரோவிலும் சூரிச்சிலும் சிட்னியிலும் தமிழ் படிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் செய்: பாமினி எழுத்துருவில் அடிக்காதே, யுனிகோடில் அடி. பாமினியில் அடித்தது அவர்களுடைய திரையில் கிறுக்கலாக விரியும். நீ இரவிரவாக எழுதிய கடிதம் கிறுக்கலாகப் போகலாமா?

சரி. சாக்குகளை விடு. உள்ளே இருப்பதைச் சொல்லட்டுமா?

உனக்குப் பயம்.

அந்தக் கடிதத்தைத் திறந்தால் ‘வருந்துகிறோம்’ என்று இருக்குமோ என்ற பயம். வாங்கியவர் குறை சொல்லியிருப்பாரோ என்ற பயம். திறக்காமல் விட்டால் தோல்வி வராது என்று நினைக்கிறாய். அதனால்தான் இன்னொரு யன்னலுக்கு ஓடுகிறாய், யாரோ போட்ட படத்துக்கு விருப்பம் போடுகிறாய், இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் மினக்கெடுகிறாய்.

திறக்காத கடிதத்துக்குள் தோல்வி மட்டுமா இருக்கிறது? உனக்கு வந்த வேலையும் அதற்குள்ளேதான் கிடக்கிறது! இரண்டையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறாய்.

திற! ‘வருந்துகிறோம்’ என்றிருந்தால் நன்றி என்று இரண்டு வரி எழுது. குறை சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேள், அடுத்த பொதியைத் திருத்தமாகக் கட்டு. பத்துப் பேர் மறுத்தால் பதினோராவது ஆளுக்கு எழுது. அடி விழும். விழட்டும்! கல்லை உடைத்தவனுக்குக் கை காய்க்காமலா தண்ணீர் வந்தது?

இனி வேலைக்கு வா.

ஒரே யன்னலில் எல்லாம் வந்துவிட்டால், எந்த நேரமும் அதற்குள் கிடக்காதே. எல்லா அறிவிப்பு மணியையும் நிறுத்து! ஒரு நாளைக்கு மூன்று முறை திற. திறந்தால் மேலிருந்து கீழே வா. ஒருவருக்கு மறுமொழி எழுதி முடித்த பிறகுதான் அடுத்தவர். தண்ணி மாறுவது போல!

அந்த ஒதுங்கிய பெட்டியையும் நாளுக்கு ஒரு தடவை பார். என் 19 நாள் உனக்கு வேண்டாம்.

கடவுச்சொல்லால் பூட்டி வை. ஆறு வாசலும் ஒன்றானால் திறப்பும் ஒன்றுதான். வேறொருவருடைய கணினியில் இதைத் திறந்து வைத்துவிட்டு எழும்பாதே.

முதல் தடவையை விடியப்புறம் 5.30க்கு வை. ஏன் தெரியுமா? கோடையில் அப்போது ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 8 மணி. வேலையால் வந்து, சாப்பிட்டு, ஊரை நினைத்துப் போனைக் கையில் எடுக்கும் நேரம். சிட்னியில் அது காலை 10 மணி.

உலகமே உன்னோடு கதைக்கும் நேரம் அது. நீ நித்திரையா?

இன்றிரவு அந்த இரண்டு மென்பொருள்களையும் இறக்கு. முதல் கணக்கைச் சேர். நாளை விடிய பிளேன்ரீயை வைத்துக்கொண்டு மேசையில் இரு. நீ காணாமல் விட்ட ஒரு செய்தியைத் தேடி எடு. எத்தனை நாள் பழையதென்றாலும் பரவாயில்லை.

“பிந்தியதற்கு மன்னியுங்கோ” என்று தொடங்கு.

அனுப்பு!