சொன்னதை நம்புவது அறிவாகுமா?

எல்.கே.ஜி. வகுப்பில் எழுத்து தொடங்கும் முதல் வாரத்தைச் சமய விவாதம் செய்பவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். பார்த்தால், நம்பிக்கை ஒரு கரை, பகுத்தறிவு மறு கரை என்று நாம் பழக்கத்தில் சொல்லிவரும் பேச்சு அவ்வளவு எளிதாக நிற்காது. ஆசிரியை கரும்பலகையில் மூன்று கோடு இழுத்து ‘ப’ என்கிறார். பிள்ளைகளும் ‘ப’ என்கிறார்கள். அந்தக் கோடுகளுக்கும் அந்த ஒலிக்கும் இயற்கையில் எந்த உறவும் கிடையாது. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் வடிவத்துக்குள்ளிருந்து ஒலி வெளிவராது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதுபோல ஊகிக்கவும் வழியில்லை. அடுத்து ‘ட’, அதற்கடுத்து ‘ம’. ‘படம்’ என்பதில் ஒரு விதமாக ஒலித்த ‘ப’, ‘பம்பரம்’ என்பதன் நடுவில் வேறு விதமாக ஒலிக்கிறது. ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. ‘கெ’ என்று எழுதும்போது பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் வந்து நிற்கிறது. அதற்கும் விளக்கம் இல்லை. வீட்டில் யாராவது மறுத்துச் சொன்னால் பிள்ளையிடம் இருக்கும் ஒரே ஆதாரம், “எங்க மிஸ் அப்படித்தான் சொன்னாங்க” என்பதுதான். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு ‘ப’ தெரியும் என்றுதான் சொல்கிறோம். ‘ப’ என்று நம்பிக்கொண்டிருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை.

பிறர் வாயால் வந்த சொல் மட்டுமே ஆதாரமாக இருக்கும்போது அதை அறிவு என்று ஏற்கலாமா என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு. கண்டது மட்டுமே பிரமாணம், அதாவது அறிவைத் தரும் அளவை, என்றார்கள் உலகாயதர். காண்டல், கருதல் (ஊகித்தல்) என இரண்டு அளவை போதும் என்றார்கள் பௌத்தர். மணிமேகலையில் அறவண அடிகள் சொல்வதும் அதுவே. அதே காப்பியத்தின் சமயக்கணக்கர் காதையில் வைதிகவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி மூன்றை முதன்மையாகக் கொள்கிறது: காண்டல், கருதல், பிறர் சொல்லாகிய உரை. இந்த மூன்றாவதான உரையில்தான் சைவருக்கு ஆகமம் நிற்கிறது. அதனாலேயே அதைப் பகுத்தறிவாளர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். சித்தாந்திகள் உரையைத் தனி அளவையாக வைத்தது சரியே என்றும், ஆனால் அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் இடம் தானாகக் கிடைத்துவிடாது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

உரை தனி அளவை அல்ல, கருதலின் ஒரு வகைதான் என்று வைசேடிகர் சொல்லியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் 1748-இல் ஏறக்குறைய இதையே சொன்னார்: ஒருவர் முன்பு சொன்னவை மெய்யாக இருந்ததைப் பார்த்திருக்கிறோம், அதனால் இப்போது சொல்வதையும் ஏற்கிறோம். இந்தக் கணக்கைக் குழந்தைகள் போடுகிறார்கள் என்பது உண்மை. 2004-இல் கேனிக், கிளெமான், ஹாரிஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், தெரிந்த பொருள்களுக்குத் தவறான பெயர் சொன்னவரையும் சரியான பெயர் சொன்னவரையும் பார்த்த மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள், தெரியாத பொருளின் பெயருக்குச் சரியாகச் சொன்னவரையே சார்ந்தார்கள். ஆக, பிள்ளையின் நம்பிக்கை குருட்டு நம்பிக்கை அல்ல. ஆனால் பந்தைப் ‘பந்து’ என்று சொன்னவர் சரி என்று தீர்ப்பளிக்க, அதன் பெயர் பந்து என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது எப்படித் தெரிந்தது? அம்மா சொல்லித்தான். பிறர் சொல்லைச் சோதிக்கும் உரைகல்லே பிறர் சொல்லால் ஆனது. ஐயம் என்பதும் ஒரு மொழிக்குள்தான் எழ முடியும், அந்த மொழி ஐயப்படாமல் வாங்கியதாக இருக்கிறது. ஹியூமின் நாட்டுக்காரரான தாமஸ் ரீட் 1764-இல், பிறர் சொல்லை ஏற்கும் இயல்பு அனுபவத்துக்கு முன்பே மனிதரிடம் இருக்கிறது என்று வாதிட்டார். மழலையர் வகுப்பு ரீட் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எழுத்து மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டதே உண்மை. உயிர் உண்டா, வினை தொடருமா, இறைவன் இருக்கிறானா என்பவை ஏற்பாடுகள் அல்லவே? இந்த மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ‘லை’, ‘னை’, ‘றா’ ஆகியவற்றுக்கு வேறு வடிவம் கற்ற தலைமுறையும், பின்பு இன்றைய வடிவம் கற்ற தலைமுறையும் ஒருவரையொருவர் பொய்யாக்கவில்லை. ஆன்மாவைப் பற்றி அப்படி இரண்டு விடை சரியாக இருக்க முடியாது. எனினும் ஏற்பாடுகளோடு உரை நின்றுவிடுவதில்லை. பூமி உருண்டை என்பதையும் அதே மிஸ்தான் சொல்கிறார். தன் பிறந்தநாளை எவரும் கண்டறிந்ததில்லை, சொல்லக் கேட்டதுதான். அந்தச் சீர்திருத்த வடிவங்களையே எடுத்துக்கொள்வோம். அவற்றை 1935 முதல் குடி அரசு இதழில் பயன்படுத்தி வந்தவர் பெரியார். யார் சொன்னாலும் உன் அறிவால் ஆராய்ந்து பார் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர். இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அவ்வடிவங்களை ஆசிரியர் சொன்னதாலேயே எழுதிப் பழகுகிறார்கள். பின்னாளில் பெரியாரைப் படித்து எதையும் கேள்வி கேட்கும் வலிமையை அப்பழக்கம் அவர்களுக்குத் தருகிறது. ஆராய்ச்சிக்கு முந்தைய படியாக நம்பிக்கை இருக்கிறது, எதிரியாக அல்ல.

இனி வருவதே எனக்குப் பெரிய அச்சம் தரும் மறுப்பு. ‘ப’ சொல்லிக்கொடுத்த அதே வாய், யார் பக்கத்தில் உட்காரக் கூடாது, யார் தட்டில் சாப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுக்க முடியும். நம் ஊர்களில் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறது. பிள்ளை இரண்டையும் ஒரே திறந்த மனத்தோடுதான் வாங்கும். ஃபிரோபெல் தொடங்கிய கிண்டர்கார்டன்களை, நாத்திகம் பரவுகிறது என்று சந்தேகப்பட்டு 1851-இல் பிரஷ்ய அரசு தடை செய்தது. இத்தனைக்கும் அவர் பாதிரியார் மகன், கம்பளிப் பந்தையும் மரக்கட்டையையும் வைத்து இறைவனின் ஒருமையைப் பிள்ளை உணர வேண்டும் என்று விரும்பியவர். அந்த வயதின் செவி யார் வசம் இருக்கிறதோ அவர்களிடம் வருங்காலம் இருக்கிறது என்பது அரசுகளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இந்த ஆபத்துக்காக நம்புகிறவரைக் குற்றம் சொல்ல முடியாது. பொறுப்பெல்லாம் நம்பப்படுகிறவர்மேல் விழுகிறது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், யார் சொல்லை ஏற்கலாம் என்பதற்கு வைத்த இலக்கணம் பொருளை நேரே அறிந்திருப்பதும், அறிந்தபடியே சொல்ல விரும்புவதும்தான். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவர் தெளிவாக எழுதினார். பிறப்பு அதில் நுழையவே இல்லை. நன்னூலின் பாயிரமும் மாணாக்கன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்பே ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், யார் ஆசிரியர் ஆகத் தகாதவர் என்று வகுத்துவிடுகிறது. அந்த வரிசை தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை.

அப்படியானால் குருவின் சொல்லையும் ஆகமத்தையும் பிள்ளை ‘ப’வை வாங்குவதுபோல வாங்கிக்கொள்ளலாமே என்று சமயவாதி கேட்பார். இங்கேதான் நான் அவரைவிட்டுப் பிரிகிறேன். வகுப்பில் அந்த வாரம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். ‘படம்’ மட்டும் கற்ற பிள்ளை, யாரும் சொல்லித் தராத ‘மடம்’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. படித்தது ஏற்கெனவே காதுக்குத் தெரிந்த சொல்லாக இருப்பதைக் கண்டு, சொல்லிக்கொடுத்தது சரி என்று தானே உறுதி செய்துகொள்கிறது. அதன்பின் ஆசிரியை பலகையில் தவறாக எழுதினாலும் அது சுட்டிக்காட்டும். ஒரு சொல் நம்பத் தக்கதாக இருந்ததற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை: கேட்டவரைச் சொன்னவரின் தயவிலிருந்து விடுவித்திருக்கிறது. மறுமை பற்றிய சொல் அப்படி விடுவிக்குமா என்பதை நான்கு வயதில் தீர்க்க முடியாது. நாற்பதிலும் சிலருக்குத் தீராது. ஆனால் சுருதி, யுத்தி, அனுபவம் மூன்றும் ஒத்துவர வேண்டும் என்பது ஆத்திக மரபுகளே ஏற்றுக்கொண்ட நிபந்தனை. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கேட்பவனைப் பாவி என்று விலக்கும் பீடம், தன் அடியாரை என்றைக்கும் அந்த முதல் வாரத்தின் திங்கட்கிழமையிலேயே உட்கார வைக்கிறது. இறைவன் இல்லை என்பது இதனால் நிரூபணம் ஆகாது. அந்தப் பீடத்தின் சொல்லை உரை அளவை என்று ஏற்கும் கடமை நமக்கு இல்லை என்பது மட்டும் உறுதியாகிறது.