காய்ச்சியவரின் நாக்கு

தான் காய்ச்சிய பீரை எடைபோடுவது, அடுத்தவர் காய்ச்சியதை எடைபோடுவதைவிடக் கடினம். கடையில் வாங்கிய பாட்டிலைத் திறக்கிறவருக்கு அதன் பூர்வோத்தரம் தெரியாது. வந்த மணத்தையும் கசப்பையும் வைத்துப் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். காய்ச்சியவருக்கு எல்லாம் தெரியும்: எந்த மால்ட், ஹாப்ஸ் எத்தனையாவது நிமிடத்தில் கொதியில் விழுந்தது, நொதித்த வாரத்தில் அறை எவ்வளவு சூடாக இருந்தது. தெரிந்ததையெல்லாம் மூக்கு முன்கூட்டியே முகர்ந்துவிடுகிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் போட்ட நினைவு இருந்தால், கிளாஸில் அந்த மணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கிடைத்துவிடும். இதற்கு நேர்மாறான ஆளும் உண்டு. ஈஸ்ட் போடத் தாமதமாகிவிட்டதே என்ற கவலையோடு குடித்து, இல்லாத குறையைக் கண்டுபிடிப்பார். இருவருமே தங்கள் குறிப்பேட்டைத்தான் குடிக்கிறார்கள். பீரைச் சுவைத்துப் பார்க்க ஏற்பட்டிருக்கும் முறைகளுக்கெல்லாம் அடியில் இருப்பது இந்த ஒரே கவலை: தெரிந்ததைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்க வேண்டும், சரியான கட்டத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வசிக்கும் இங்கிலாந்தில், சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி 1963-இல், ரெஜினால்ட் மாட்லிங் நிதியமைச்சராக இருந்தபோது நீங்கியது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு வழிவிட்டது. (தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) இங்கே ஒரு தடவைக்கு 23 லிட்டர் காய்ச்சுவதுதான் பரவலான வழக்கம், அரை லிட்டர் பாட்டிலில் ஏறக்குறைய நாற்பது தேறும். பேச்சுக்கு எளிதாக ஒரே பீரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பிட்டர்: மாரிஸ் ஆட்டர் பார்லி மால்ட், கோல்டிங்ஸ் ஹாப்ஸ், நொதிக்கும் முன் அடர்த்தி 1.040, நொதித்து முடிந்தபின் 1.010. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் ஏறத்தாழ 4 சதவீதம் என்று வரும். அடர்த்திமானி சொல்லக்கூடியது அவ்வளவுதான். மீதியை மூக்கும் வாயும்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கிளாஸ். பாத்திரம் கழுவும் சோப்பின் மிச்சம் துளி இருந்தாலும் நுரை நிற்காது. அது பீரின் குறை என்று எழுதிவிட்டால் அந்தப் பக்கம் முழுதும் வீண். வெந்நீரில் நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர்த்துவது நல்லது. அடுத்தது வெப்பநிலை. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு ஊற்றினால் மணம் எழும்பாது, கசப்பு மட்டும் கூர்மையாகத் தெரியும். குறைகளை மறைக்கக் குளிரைப்போல உதவுவது வேறில்லை. பிட்டருக்கு நிலவறைச் சூடு, அதாவது 12 டிகிரி செல்சியஸ் அளவு, பொருத்தம். பாட்டிலை வெளியே எடுத்துவைத்துக் காத்திருக்க வேண்டும். ஐம்பது, அறுபது மில்லி போதும்; மேலே காலி இடம் இருந்தால்தான் மணம் தங்கும். சமையலறையில் தாளிப்பு நடக்கும் நேரமும் சாப்பிட்டு எழுந்த நேரமும் இதற்கு ஆகாது. சாப்பாட்டுக்கு முந்திய முற்பகல்தான் மூக்கு சுத்தமாக இருக்கும் வேளை என்பது என் அனுபவம்.

ஊற்றியவுடன் குடிக்கக் கூடாது, முகர வேண்டும். கந்தகம் சார்ந்த சில மணங்கள் ஓரிரு நிமிடத்தில் ஓடிவிடும். பிறகு தேடினால் அகப்படாது. சின்னச் சின்னதாக இரண்டு முறை இழுத்து, கிளாஸை விலக்கி, மனதில் பட்டதை உடனே எழுத வேண்டும். ஒரே மணத்தை விடாமல் முகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். சொந்த மணிக்கட்டையோ வெறும் தண்ணீரையோ முகர்ந்தால் மீளும். பிறகுதான் ஒரு வாய். அதிலும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு வாயில் வையுங்கள். இனிப்பு, கசப்பு, லேசான புளிப்பு, வாயுவின் சுருக்கென்ற குத்தல் எல்லாம் தெரியும். ஆனால் அது எந்த பீர் என்று சொல்ல முடியாது. விழுங்கிவிட்டு மூக்கைத் திறந்து மூச்சை வெளியே விட்டதும், பிஸ்கெட் போன்ற மால்ட் மணமும் ஹாப்ஸின் மண்வாசனையும் தொண்டைவழியே ஏறி வரும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப் பின்வாசல் வழியாக வரும் மணம்தான். ஆகவே பீரை விழுங்கியபின் மூக்கால் மூச்சுவிட மறந்தவர் பாதியைத் தவறவிடுகிறார். கசப்பை நாக்கின் பின்பகுதி மட்டும்தான் உணரும் என்று பள்ளியில் படித்த வரைபடத்தை மறந்துவிடலாம். நாக்கு முழுக்கவே கசப்பை உணரும்.

எழுதுவதற்கு ஒரு சட்டகம் வேண்டுமென்றால், 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற பீர் நடுவர் அமைப்பின் தாள் இருக்கிறது. மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் தெளிவில்லை, கலங்கியிருக்கிறது என்று படும் வருத்தத்தில் பாதி தேவையற்றது. எனக்கு எண்களில் பெரிய நம்பிக்கை இல்லை. 31 என்று போட்டதற்கும் 34 என்று போட்டதற்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் அன்றைய மனநிலை. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதிய வரிகள்தான் பயன்படும். அந்த வரிகளிலும் ‘நன்றாக இருக்கிறது’, ‘சுமார்’ போன்றவற்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது. ‘ரொட்டியின் மேல்தோல் வாசனை, முகர்ந்தவுடன் பலமாக, பிறகு மங்குகிறது, கசப்பு விழுங்கியபின்னும் நாக்கில் நிற்கிறது, வறட்சியாக’ என்று எழுதினால், மூன்று மாதம் கழித்துப் படிக்கும்போதும் அந்த பீர் கண்முன் வரும். முதல் சுற்றில் காரணம் எழுதுவதும் கூடாது. காரணத்தைத் தேடத் தொடங்கிய நிமிடமே குறிப்பேடு உள்ளே வந்துவிடும்.

காரணம் தேடுவது இரண்டாம் சுற்று. அங்கே காய்ச்சியவருக்கு நடுவரைவிட ஒரு படி அதிக வேலை இருக்கிறது. ‘வெண்ணெய் வாசனை’ என்று எழுதியதோடு நடுவர் நகர்ந்துவிடலாம். அது எந்த நாளில், எதனால் வந்தது என்று காய்ச்சியவர் பின்னோக்கி நடக்க வேண்டும்.

இந்த வெண்ணெய் வாசனையையே கொஞ்சம் நின்று பார்ப்போம். டயசெட்டில் என்ற பொருள்தான் அந்த மணம். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். நெய் உருக்கும் வாசனையோடு வளர்ந்த மூக்கு இதைக் குறை என்று ஒப்புக்கொள்ளத் தயங்கும்; முதல் வாயில் பீருக்கு ஒரு செழுமை கூடியதுபோலத்தான் இருக்கும். இரண்டாவது கிளாஸில் திகட்டும், நாக்கில் வழுவழுப்பாகப் படியும். இது வரும் வழி விசித்திரமானது. ஈஸ்ட் தனக்கு வேண்டிய வாலின் என்ற அமினோ அமிலத்தைச் செய்துகொள்ளும்போது இடையில் உண்டாகும் ஒரு பொருள் பீருக்குள் கசிகிறது. அதற்கு மணமே கிடையாது. பீருக்குள் மெல்ல மெல்லத் தானாகவே அது டயசெட்டிலாக மாறுகிறது. உயிரோடிருக்கும் ஈஸ்ட் அந்த டயசெட்டிலைத் திரும்ப உறிஞ்சி, மணம் தெரியாத வேறு பொருளாக்கிவிடும். அவசரப்பட்டு பீரைக் குளிரவைத்து ஈஸ்டை அடியில் படியவிட்டால், உறிஞ்ச ஆளில்லை. மணமற்ற கச்சாப்பொருள் மட்டும் பீரில் தங்கிவிடும். பாட்டிலில் அடைத்த அன்று எந்தக் குறையும் தெரியாத பீர், ஒரு மாதம் கழித்து வெண்ணெயாக மணப்பது இதனால்தான்.

ஆகவே இன்றைய நாக்கை மட்டும் நம்பினால் போதாது. நாளைய ருசியை இன்றே வரவழைக்க வேண்டும். அதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. அடைப்பதற்கு முன் நொதிகலனிலிருந்து இரண்டு சின்னக் குவளைகளில் பீர் எடுத்து, அலுமினியத் தாளால் வாயை மூடுங்கள். ஒன்றை 60, 70 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் நிறுத்துங்கள். மற்றது சும்மா இருக்கட்டும். பிறகு இரண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து, தாளை விலக்கி முகர வேண்டும். வெப்பம் அந்த மெதுவான மாற்றத்தை விரைவுபடுத்திவிடும். இரண்டிலும் வெண்ணெய் இல்லையென்றால் அடைக்கலாம். சூடாக்கியதில் மட்டும் வந்தால் கச்சாப்பொருள் மிச்சமிருக்கிறது. கலனை ஓரிரு டிகிரி கூடுதல் சூட்டில் இன்னும் இரண்டு மூன்று நாள் ஈஸ்டோடு விட வேண்டும். இரண்டிலும் வந்து, காத்திருந்தும் குறையவில்லையென்றால், பீடியோகாக்கஸ் போன்ற பாக்டீரியா நுழைந்திருக்கிறதா என்று குழாய்களையும் மூடிகளையும் சந்தேகிக்க வேண்டும்.

மற்ற மணங்களுக்கும் இப்படி ஒவ்வொரு பூர்வீகம் உண்டு. வேகவைத்த மக்காச்சோளம் மணந்தால், வெளிர்நிற மால்டிலிருந்து வரும் டைமெத்தில் சல்ஃபைடு கொதியில் ஆவியாகிப் போகவில்லை. மூடி போட்டுக் கொதிக்கவைத்தோமா என்று பார்க்க வேண்டும். மருந்துக்கட்டு, மருத்துவமனை நெடி வந்தால் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரின் குளோரின்தான் காரணம். அதற்கு ஒரு தொகுதித் தண்ணீரில் அரை கேம்டன் மாத்திரை போதும். சில மணங்களில் குறை, நிறை என்பது பீரின் வகையைப் பொறுத்தது. வாழைப்பழமும் கிராம்பும் பவேரியாவின் கோதுமை பீருக்கு உயிர். நம் பிட்டரில் கிராம்பு மணந்தால் வேற்று ஈஸ்ட் எதுவோ புகுந்திருக்கிறது.

இந்த மணங்களைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. வெயில் பட்ட பீர் ஸ்கங்க்போல நாறும் என்று எல்லாக் கையேடும் சொல்லும். ஸ்கங்க் வட அமெரிக்கப் பக்கத்துப் பிராணி. அதை முகர்ந்தே இராதவருக்கு அந்த ஒப்புமையால் என்ன பயன்? ஹாப்ஸ் தூக்கலான பீரை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை அலமாரிக்குள்ளும் ஒன்றை வெயில் விழும் ஜன்னலிலும் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளி உடைத்து ஒரு கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும். அந்த நெடியை ஒருமுறை முகர்ந்தவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். பழுப்பு பாட்டில் எதற்கென்றும் அன்றே விளங்கிவிடும்.

இனி, தெரிந்ததை ஒதுக்கிவைக்கும் வேலை. 23 லிட்டரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 18 டிகிரியிலும் மறுபாதியை 22 டிகிரியிலும் நொதிக்கவைத்ததாக வைத்துக்கொள்வோம். லேபிளைப் பார்த்துக் குடித்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரியும். லேபிள் இல்லாமல் தெரிகிறதா என்பதே கேள்வி. இதற்கு முக்கோணச் சோதனை என்று பெயர். 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் உருவாகிப் பரவிய முறை. ஒரே மாதிரியான மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எது நன்றாக இருக்கிறது என்ற கேள்வியே கிடையாது. ஊற்றுவது வேறொருவராக இருக்க வேண்டும். நிறத்தில் வித்தியாசம் இருந்தால் உள்ளே தெரியாத கோப்பை வேண்டும். ஆளில்லையென்றால் கிளாஸ்களின் அடியில் சீட்டு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றிக் கலைத்துவிடலாம்.

சும்மா ஊகித்தாலே மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும். அதனால் ஒரு தடவை சரியாகச் சொன்னதை வெற்றியாக எண்ணக் கூடாது. ஆறு தடவையில் ஐந்து சரியானால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அந்த ஆறையும் ஒரே அமர்வில் செய்தால் நாக்கு கசப்பில் மரத்துவிடும். சில நாட்களில் பிரித்துச் செய்ய வேண்டும். சரியாகச் சொல்ல முடியவில்லை என்பதாலேயே இரண்டும் ஒன்றென்று ஆகிவிடாது. அந்த வித்தியாசம் என் நாக்குக்கு எட்டவில்லை என்பது மட்டும்தான் தெரியும். சிறு எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியே ஒருவகையில் பீர் ஆலைக்குச் சொந்தமானது. டப்ளினின் கின்னஸ் ஆலையில் வேலைபார்த்த வில்லியம் சீலி காசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட கட்டுரைதான் இன்று உலகெங்கும் புள்ளியியல் மாணவர்கள் படிக்கும் டி-சோதனைக்கு வித்து.

நண்பர்களின் நாக்கும் வேண்டும், ஆனால் அவர்களின் பாராட்டு வேண்டாம். வீட்டுக்கு வந்தவர் ‘பிரமாதம்’ என்பார், அது மரியாதை. அவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்பதைவிட, இரண்டு வகை பாட்டிலையும் பெயரில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, எது முதலில் காலியாகிறது என்று பார்ப்பது மேல். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு மூக்குக்கும் சில மணங்கள் தெரியாது. டயசெட்டிலைக் கொஞ்சமும் உணராதவர்கள் இருக்கிறார்கள். பிறவிக் கூறு, பயிற்சியால் மாறுவது சந்தேகம். தன் மூக்கு எதற்குக் குருடு என்று தெரிந்துகொண்டு, அந்த ஒரு விஷயத்துக்கு இன்னொருவரைக் கூப்பிடுவதுதான் வழி.

கடைசியாக, காலம். பீரை ஒரே நாளில் மதிப்பிட்டு முடிக்க முடியாது. அடைத்த இரண்டாம் வாரத்தில் ஒன்று, ஆறாம் வாரத்தில் ஒன்று, மூன்றாம் மாதத்தில் ஒன்று என்று திறந்தால்தான் அது போகும் திசை தெரியும். காத்திருக்க மனமில்லாதவர் ஒரு பாட்டிலை வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அலமாரியில் 30 டிகிரிச் சூட்டில் ஒரு வாரம் வைத்து, இன்னொன்றை ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டையும் முக்கோணச் சோதனையில் ஒப்பிடலாம். சூட்டில் இருந்ததில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை வந்தால் ஆக்சிஜன் வேலைசெய்திருக்கிறது. அது உள்ளே போன இடம் பெரும்பாலும் பாட்டிலில் அடைத்த நேரம்தான். அடுத்த தொகுதியில் குழாயைப் பாட்டிலின் அடிவரை இறக்கி, சலசலப்பில்லாமல் நிரப்ப வேண்டும். அந்த ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஹாப்ஸையும் ஈஸ்டையும் சேர்த்து மாற்றிவிட்டால், அடுத்த முறை வாசனை குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று சொல்ல வழியிருக்காது.