வளர்ப்பும் தெரிவுரிமையும்

1958இல் வெளிவந்த ‘ஆன்ரி மேம்’ என்னும் அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படத்திலே, பெற்றோரை இழந்த பற்றிக்கை அவன் தந்தையின் சகோதரி மேம் வளர்க்கின்றாள். (ரொசலிண்ட் ரஸ்ஸல் மேமாகவே மாறிவிடுகின்றார்.) மரபுக்கு அடங்காத அவள், எதையும் தானே கண்டு தெளியுமாறு அவனைப் பழக்குகின்றாள். அவன் சொத்துக்குப் பொறுப்பான வங்கியாளரோ அவனை விடுதிப் பாடசாலைக்கு அனுப்பிவிடுகின்றார். வளர்ந்த பற்றிக், யூதர் அயலில் குடியேறுவதை வெறுக்கும் செல்வக் குடும்பமொன்றில் மணஞ்செய்ய விழைகின்றான். மேம் விருந்தொன்றை நடத்தி அத்தொடர்பை முறிக்கின்றாள்.

நாமும் சிரித்து அவள் பக்கமே நிற்கின்றோம். ஆயின், சுதந்திரத்தைக் கற்பித்தவள் அவன் தெரிவிலே தலையிடுதல் தகுமா? அவள் தடுக்கவில்லை, அவர்களை அவன் கண்முன்னே பேசவிட்டாள், அவ்வளவே என வாதிடலாம். அது எனக்கு முற்றும் உடன்பாடன்று. விருந்துக்கு யாரை அழைப்பதெனத் தீர்மானித்தவளும் அவளே. எனினும், அயலவரை வெறுக்கப் பழகும் பிள்ளையைக் கண்டு வாளாவிருத்தலைச் சுதந்திரம் என்றழைக்க மனம் ஒப்பவில்லை. வங்கியாளரும் அவன் நன்மையையே நாடினார் என்பதுதான் உறுத்துகின்றது.