முதல் நாள் சொல்லப்படும் கணக்கு

"டொக்டர் கைவிரித்துவிட்டார்." இப்படி ஒரு செய்தி வந்தால் செவ்ரானில் தொடங்கும் அழுகை அன்றிரவே யாழ்ப்பாணத்தையும் கனடாவையும் எட்டிவிடும். மறுநாள் லா சப்பலில் மரக்கறி வாங்கப் போனாலும் அதே விசாரிப்புத்தான். மூளையில் இரத்தம் கசிந்து ஒருவர் நினைவிழந்து கிடக்கையில், "பிழைப்பாரா? எழுந்து நடப்பாரா? எங்களை அடையாளம் காண்பாரா?" என்று கேட்காத குடும்பம் இல்லை. அதற்கு வைத்தியர் தரும் பதிலை எவ்வாறு ஏற்பது, அதன் பின் எமது கடமை என்ன என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

வைத்தியர்கள் கணக்குப் பார்த்தே பேசுகிறார்கள். 2001 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹெம்பில் என்ற நரம்பியல் வைத்தியரும் அவரது குழுவினரும் ஒரு புள்ளிமுறையை வெளியிட்டனர். நினைவு எவ்வளவு உள்ளது, கசிந்த இரத்தம் 30 மில்லிலீற்றரை எட்டியதா, அது மூளையின் உள்ளறைகளுக்குள் புகுந்ததா, மூளையின் கீழ்ப்பகுதியில் தொடங்கியதா, வயது 80 ஆகிவிட்டதா என்ற ஐந்தையும் பார்த்து 0 முதல் 6 வரை புள்ளி இடுவார்கள். அவர்கள் ஆராய்ந்த 152 நோயாளரில், 0 புள்ளி பெற்ற எவரும் 30 நாட்களுக்குள் இறக்கவில்லை. 5 புள்ளி பெற்ற எவரும் பிழைக்கவில்லை. 3 புள்ளி பெற்றோரில் நூற்றுக்கு 72 வீதத்தினர் இறந்தனர்.

அப்படியானால் மற்ற 28 வீதத்தினர்? அவர்கள் பிழைத்தார்கள். எங்கள் அம்மா எந்தப் பக்கம் என்பதை அந்த எண் சொல்லாது. அது பலரைப் பற்றிய கணக்கு. சாதகத்தில் கண்டம் என்றால் பரிகாரம் தேடி ஓடும் நாம், ஆஸ்பத்திரியில் ஓர் எண்ணைக் கேட்டதும் விதி என்று அடங்கிவிடுகிறோம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதே 2001 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் கைரா பெக்கர் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் இதை எடுத்துக்காட்டினர். பிழைக்கமாட்டார் என்று எண்ணிச் சிகிச்சையை நிறுத்தினால் நோயாளி இறப்பார், கணிப்புப் பலித்ததாகிவிடும். இந்தக் கன்று தப்பாது என்று பாலூட்டாமல் விட்டுவிட்டு, சொன்னது நடந்தது என்பது போன்றது இது. ஆகவேதான், நோயாளி முன்பே தம் விருப்பத்தைக் கூறியிராவிட்டால், இரண்டாவது முழு நாள் வரையேனும் முழுச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டல்கள் சொல்கின்றன. அவகாசம் கேட்பது அறியாமை அல்ல.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். நாட்கள் பல சென்று, மீட்சிக்கு வழியில்லை என்று வைத்தியர்கள் கூடிச் சொன்ன பின்னும், நான்கு நாடுகளிலிருந்து உறவினர் தொலைபேசியில் "ஒன்றையும் நிப்பாட்ட விடாதேங்கோ" என்பார்கள். அது அன்புதான். ஆனால் படுக்கையில் கிடப்பவர் அதை விரும்புவாரா?

பிரான்சில் சிகிச்சையை நிறுத்தும் பாரம் குடும்பத்தின் தலையில் இல்லை. வைத்தியர்கள் கலந்தாலோசித்தே முடிவெடுக்கவேண்டும். குடும்பத்திடம் அவர்கள் கேட்பது, "இவர் எதை விரும்பியிருப்பார்?" என்பதே. அங்கே நாம் நீதிபதிகள் அல்லர், சாட்சிகள். 2002 மார்ச் 4 ஆம் திகதிச் சட்டத்தின்படி எவரும் தமக்கு ஒரு நம்பிக்கைக்குரியவரை எழுத்தில் நியமிக்கலாம். பிரெஞ்சில் 'பெர்சோன் டு கொன்பியான்ஸ்' என்பர். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விருப்பம் எழுதப்படாதவிடத்து அவரது சாட்சியமே மற்றெவரது சொல்லையும்விட மேலானது.

ஆனால் எமது வீடுகளில் இதைப் பேசுவதே அபசகுனம். பேசாத வீட்டில், பதினைந்து வயதுப் பிள்ளை வைத்தியரின் பிரெஞ்சைத் தாய்க்கு மொழிபெயர்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தச் சுமை பிள்ளைக்கு உரியதல்ல. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். முதல் நாள் கேட்ட கேள்வியைச் சில நாட்கள் கழித்து மீண்டும் கேளுங்கள். தப்பியவருக்குப் பேச்சும் நடையும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பலாம். எமது செவ்ரானிலேயே உள்ள ரெனே மியூரே வைத்தியசாலையில் இத்தகைய மறுவாழ்வுச் சிகிச்சை நடைபெறுகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பியதும், பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்போம்: "உங்களுக்கு இப்படி வந்தால் நாங்கள் என்ன சொல்லவேண்டும்?" அவர்கள் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே கேட்டுவைப்போமாக.