நீர்க் கசிவும் நெஞ்சின் ஐயமும்

வீட்டின் உட்கூரையில் ஒரு நாள் ஈரம் படர்கின்றது. மறுநாள் துளி விழுகின்றது. அப்பொழுது நம்மிற் பெரும்பாலோர் உள்ளத்தில் முதற்கண் எழும் வினா, “இதற்குக் காரணம் யார்?” என்பதேயாம். “இதற்குக் காரணம் யாது?” என்று கேட்போர் மிகச் சிலரே. இவ்விரண்டு வினாக்களுள் எது முந்தவேண்டும் என்பது நீதியைச் சார்ந்த கேள்வியென்று யாம் கருதுகிறோம்.

சுங்கை பினாங்கின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒருவர் தலைக்குமேல் மற்றொருவர் தரை இருக்கின்றது. கீழ்வீட்டில் தமிழர், மேல்வீட்டில் சீனர், பக்கத்தில் மலாய்க்காரர் என வாழும் இடத்திலே, ஒரு துளி நீர் விழுந்தவுடன், “அவர்களே அப்படித்தான்” என்னும் சொல் புறப்பட்டுவிடுகின்றது. குழாயின் குற்றம் குலத்தின் குற்றமாக மாறுவதற்கு ஒரு நொடியும் வேண்டுவதில்லை.

ஆனால் நீரின் இயல்பு யாது? அது காங்கிரீட்டுத் தளத்தின் வெடிப்பினூடும், குழாயின் புறத்தேயும் ஊர்ந்து சென்று, வழி கிடைத்த இடத்திலே வெளிப்படும். ஆதலின் ஈரம் தோன்றும் இடமே நீர் புறப்பட்ட இடமென்று கொள்ளுதல் தவறு.

காரணத்தைக் காண்பதற்கு மந்திரம் வேண்டுவதில்லை; பொறுமையே வேண்டும். குடிநீர்க் குழாய் பழுதாயின் அல்லும் பகலும் ஒழுகும். குளியலறைத் தரை பழுதாயின் குளித்த பின்னரே ஒழுகும். வெளிச்சுவர் பழுதாயின் மழைக்குப் பின்னரே ஒழுகும். ஆகவே துளி விழும் நேரத்தை நான்கைந்து நாள் தாளிற் குறித்து வைத்தாலே பாதி உண்மை விளங்கும். எல்லாக் குழாய்களையும் மூடி, நீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஓரிரு மணி கழித்துப் பார்த்தால், எண் நகர்ந்திருப்பின் கசிவு அந்த வீட்டின் குழாயிலேதான். கழிப்பறைத் தொட்டியிற் சிறிது சாயம் கலந்துவைக்க, நீரை இறக்காமலே கோப்பையில் நிறம் தோன்றின், தொட்டியின் அடைப்பான் பழுது. இச்சோதனைகளை முதலில் தன் வீட்டிலே செய்து பார்த்தல் வேண்டும் என்பதைக் கவனிக்க.

1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் பிராடு வீதியருகே வாந்திபேதியால் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். துர்நாற்றக் காற்றே காரணமென அக்காலத்துப் பலரும் நம்பினர். வீதியின் கிணற்று நீரே காரணமென்றார் ஜான் சுனோ என்னும் வைத்தியர். ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் பாதிரியார் அதனை நம்பாது, பொய்யென நிறுவ எண்ணி வீடு வீடாக விசாரித்தார். விசாரித்த உண்மையே அவரை மாற்றிற்று. 1855-இல் தோண்டிப் பார்த்தபோது, அருகிருந்த வீட்டின் மலக்குழியின் செங்கற் கட்டுச் சிதைந்து, கழிவு கிணற்றினுட் கசிந்தமை புலப்பட்டது. தம் கொள்கையை விட உண்மையைப் பெரிதாக மதித்த அப்பாதிரியாரின் உள்ளமே பகுத்தறிவு எனப்படுவது.

இங்கே ஒரு தடை எழும். “மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிருவாகச் சட்டமே, உட்கூரையில் ஈரம் கண்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரை மேல்வீட்டையே காரணமாகக் கொள்கின்றதே! சட்டம் ஐயுறும்போது யாம் ஐயுறலாகாதோ?” என்பர். சட்டத்தின் ஊகம் வேறு, மனிதரின் ஊகம் வேறு. யாரும் பொறுப்பேலாது நாள் கடத்துவதைத் தடுக்கவே சட்டம் ஓரிடத்திலிருந்து தொடங்குகின்றது. அறிவிப்புப் பெற்ற ஏழு நாளுள் நிருவாகத்தினர் வந்து பார்வையிடவேண்டும் என்றும் 2015-இன் விதிகள் கூறுகின்றன. அஃதாவது, அவ்வூகம் சோதனைக்கு வாயில். நம் ஊகமோ பெரும்பாலும் சோதனைக்குத் தாழ்ப்பாள். மேலும், கீழ்வீட்டார் நனைந்துகொண்டு காத்திருக்கவேண்டுமென யாம் கூறவில்லை. முறையிடுதல் அவர் உரிமை, பழிதூற்றுதல் உரிமையன்று. அவ்வாறே கதவைத் திறந்து பார்வையிட விடுதல் மேல்வீட்டார் கடமை. அதனை அவமதிப்பாகக் கொள்ளுதல் அறியாமை.

தோட்டத்து லயத்திலும் இவ்வுண்மை பொருந்தும். ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்லாது நின்றுவிட்டால், “பெற்றோர் பொறுப்பற்றோர்” என்று தீர்ப்பளிப்போர் பலர். பள்ளி எவ்வளவு தொலைவு, வண்டி உண்டா, மாதக் கடைசியிற் சம்பளம் எஞ்சுகின்றதா என்று ஆராய்வோர் எத்தனை பேர்? ஈரம் தோன்றும் இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தால், கசிவு ஒருநாளும் நில்லாது. அதற்காக, குற்றமெல்லாம் புறத்தேயுளது என்று சொல்லித் தப்புதலும் ஆகாது. சில சமயம் பழுது நம் குழாயிலேயே இருக்கும்.

நொடிக்கு ஒரு துளி சிந்தினும் ஒரு நாளைக்கு 86,400 துளிகள். காரணம் காணாத பழியும் அவ்வாறே சிறிது சிறிதாய் ஒழுகி, அயலார் நட்பை வறளச் செய்கின்றது. ஆதலின் அன்பர்களே, “யார்?” என்று கேட்குமுன் “யாது?” என்று கேட்கப் பழகுவோமாக. விடை கண்டபின் உரியவர் செலவை ஏற்கட்டும். அதுவரை யாரும் பழியை ஏற்கவேண்டுவதில்லை.