சோதிடமா, மதிப்பீடா?

பத்துப் பொருத்தமும் பழுதின்றி இருக்கிறது என்று சொன்ன சோதிடனிடம், மணம் முறிந்த பிறகு யாரும் சென்று, "ஐயா, உம் கணக்கு எங்கே பிழைத்தது?" என்று கேட்பதில்லை. கேட்டாலும் அவனுக்கு அச்சமில்லை. கிரகத்தின் மேல் பழி போடுவான். பிறந்த நேரத்தைத் தவறாகக் குறித்தீர் என்பான். தட்சணையோ முன்பே மடியில் ஏறிவிட்டது! எதிர்காலம் பற்றிப் பேசுகிற காரணத்துக்காக நாம் சோதிடத்தை மடமை என்று சொல்வதில்லை. பொறியாளனும் எதிர்காலம் பற்றிப் பேசுகிறான்; மருத்துவனும் பேசுகிறான். சொன்னது நடந்ததா என்று திரும்பி வந்து பார்க்கும் கடமையைச் சோதிடன் ஏற்பதில்லை. அந்த ஒரு குறையே அவன் ஏட்டைக் குப்பையில் எறியப் போதுமானது.

இதே அளவுகோலைக் கொண்டு, பட்டம் பெற்றவர்கள் எழுதும் வேறொரு ஏட்டையும் அளந்து பார்க்கலாம். 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' என்பது அதன் பெயர். ஆலையோ அணையோ துறைமுகமோ எழும்புவதற்கு முன்னர், அதனால் நீருக்கும் நிலத்துக்கும் ஊருக்கும் என்ன நேரும் என்று ஆய்ந்து எழுதுவது. அமெரிக்காவில் 1970 சனவரி முதல் நாள் இதற்கான சட்டம் கையொப்பமாயிற்று. இந்தியாவில் 1994இல் அறிவிக்கை வந்தது. 2006இல் அது திருத்தி விரிக்கப்பட்டது. எலுமிச்சம்பழம் நறுக்கி, பூமி பூசை போட்டு, வாஸ்து பார்த்துவிட்டால் வேலை தொடங்கலாம் என்றிருந்த நாட்டில், மண்ணைப் பார், நீரைப் பார், அங்கே வாழும் மனிதனைக் கேள் என்று சட்டம் சொல்லத் தொடங்கியது வளர்ச்சிதான். அதை மறுப்பார் இல்லை. ஆனால், பார்த்து எழுதியதற்குப் பிறகு என்ன?

புதுவைக் கடற்கரைக்கு வாருங்கள். வங்கக் கடலின் இந்தக் கரையில் மணல் ஓய்ந்து கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிச் செல்கிறது. வடகிழக்குப் பருவத்தின் சில திங்களில் ஓரளவு திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் வடக்கே பயணம் போகிறது. பிரெஞ்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டில் இரும்புத் தூண்களை ஊன்றிக் கடற்பாலம் அமைத்தபோது, தூண்களுக்கிடையே மணல் தன் வழியைக் கண்டுகொண்டது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கருங்கல் அலைதடுப்புகளைக் கடலுக்குள் நீட்டியபோது அந்த வழி அடைபட்டது. 1989இல் பணி முடிந்தது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை கரைந்தது. கடற்கரைச் சாலையின் ஓரத்தில் மணலே இல்லாமற் போய், கொட்டிய கருங்கல்லின் மேல் அலை மோதும் காட்சிதான் ஒரு தலைமுறை கண்ட புதுவைக் கடற்கரை.

இப்படி நேரும் என்பது யாருக்கும் தெரியாதா? தெரியும்! இந்தக் கதையில் நெஞ்சைச் சுடும் பகுதி அதுதான். மணல் தடைபடும் என்று அறிந்தே, தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கே செலுத்தும் பொறியமைப்பையும் துறைமுகத் திட்டத்திலேயே சேர்த்திருந்தனர். அமைப்பு உருவாயிற்று, முறையாக இயங்கவில்லை. நோயும் தெரிந்தது, மருந்தும் வாங்கியாயிற்று, மருந்தை ஊட்டுவதற்குத்தான் ஆளில்லை. அறியாமையால் வந்த கேட்டைக் கல்வியால் போக்கலாம். அறிந்தவன் மறந்ததால் வந்த கேட்டுக்கு எந்தப் பள்ளியில் பாடம் நடத்துவது?

மணல் போனால் என்ன, மாலையில் காற்று வாங்கச் சாலை இருக்கிறதே என்று நகரத்து அன்பர் சொல்லக்கூடும். குருசுக்குப்பத்து, வைத்திக்குப்பத்து மீனவனுக்கு மணல் உலாவுமிடமன்று; தொழிற்கூடம். கட்டுமரத்தை இழுத்தேற்றுவது அங்கே, வலை உலர்த்துவது அங்கே, மீனைப் பங்கு பிரிப்பது அங்கே. தறி இருந்த கூடத்தை இடித்துவிட்டு நெசவாளனிடம் "நூல் இருக்கிறதே, நெய்" என்று சொல்வோமா? கரையைக் காக்க ஓரிடத்தில் கல் கொட்டினால், பசித்த அலை அடுத்த குப்பத்துக்குப் போகிறது. அப்படித்தான் அரிப்பு கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வடக்கே நகர்ந்தது. அவை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பவை. துறைமுகம் ஓர் அரசின் கணக்கில், இழப்பு இன்னோர் அரசின் கணக்கில்! கடலுக்கு இந்த எல்லைக்கல் தெரியாது. கோப்புக்கு மட்டும் தெரிகிறது.

இங்கேதான் அறநெறிக் கேள்வி எழுகிறது. "இன்னது நேரும், இன்னதைச் செய்து தடுப்போம்" என்று ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டால் அது வெறும் கருத்தா, கடன் பத்திரமா? கடன் என்றே நான் சொல்வேன். குப்பத்து மக்கள் தங்கள் கரையை ஈடாக வைத்து அந்தச் சொல்லை நம்பினர். நம்பும்படி அவர்களைக் கேட்கவும் இல்லை என்பது இன்னும் கொடுமை. எழுதிய பொறியாளர் ஓய்வு பெறுவார், அதிகாரி மாற்றலாவார், அமைச்சரவை கவிழும். தனி மனிதர் எவர் மேலும் குற்றமில்லை என்று ஆகிவிடும். கடன் மட்டும் தீராமல் நிற்கும். வட்டியை மீனவன் கட்டிக்கொண்டிருப்பான்.

அந்தத் துறைமுகம் 1994க்கு முந்தியது. இன்று நிலைமை வேறு என்பர். பார்ப்போம். அறிக்கை எழுதும் வல்லுநருக்கு ஊதியம் தருபவர் திட்டத்தை முன்வைப்பவரே. மாப்பிள்ளை வீட்டார் கூலி கொடுத்து அழைத்து வந்த சோதிடன் "பொருத்தமில்லை" என்று சொல்லக் கண்டதுண்டா? 2006 அறிவிக்கையின்படி மக்களுக்கு அவர்கள் மொழியில் கிடைக்க வேண்டியது சுருக்கம்தான். நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்க, சில பக்கங்கள் தமிழில். மூலத்தைப் புரோகிதர் வைத்துக்கொண்டு பக்தருக்குப் பிரசாதம் கொடுப்பது போல! கருத்துக் கேட்புக் கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற வரையறையும் இல்லை. 2020இல் அந்த அறிவிக்கையையே மாற்றும் வரைவு வந்தபோது அது இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் சூன் 30இல் ஆணையிட்டது. ஒன்றிய அரசு என்ன செய்தது? எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது.

இவை அனைத்தையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறு. அனுமதி பெற்றவர் ஆறு திங்களுக்கொரு முறை நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தைத் தாமே எழுதித் தர வேண்டும் என்று விதி உண்டு. மரம் நட்டாயிற்று, மானி பொருத்தியாயிற்று என்று அதில் வரும். "நீர் குறையாது என்றோமே, குறைந்ததா? கரை அசையாது என்றோமே, அசைந்ததா?" என்ற பழைய வாக்கின் கணக்கு வருவதில்லை. நிபந்தனை வேறு, வாக்கு வேறு. மருந்துச் சீட்டில் எழுதியபடி மாத்திரை விழுங்கியாயிற்று என்று குறித்து வைத்தால், நோய் தீர்ந்ததா என்று பார்த்ததாகுமா?

இப்படிச் சொன்னதையெல்லாம் துருவித் துருவிக் கேட்டால் எவன் திட்டம் போடுவான், நாடு எப்படி முன்னேறும் என்று ஒரு வாதம் வரும். பிழையே செய்யாதே என்று எவரும் கேட்கவில்லை. கடல் எளிய பாடமில்லை, கணிப்பு தவறலாம். தவறியதை எழுதி வைத்தால் அடுத்த கணிப்பு திருந்தும். எழுதி வைக்காவிட்டால், புதுவையில் பிழைத்த அதே கணக்கை அடுத்த துறைமுகத்தில் புதுத்தாளில் போடுவார்கள், புதிய கட்டணத்துக்கு.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே, தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், கடலடியில் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்று 2018ஐ ஒட்டி அமைக்கப்பட்டது. துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலும் கொட்டப்பட்டது. காந்தி சிலை அருகே மறுபடியும் மணல் தலைகாட்டியது. குழந்தைகள் அதில் விளையாடக் கண்டு மகிழாதவர் யார்? மகிழ்வோம். அதனோடு இரண்டு பத்தி கொண்ட ஓர் ஏட்டையும் கேட்போம்: இடப்புறம், இன்னின்ன ஆண்டில் இவ்வளவு மணல் சேரும், வடக்கே இவ்வளவு அரிக்கும் என்று சொன்னது, வலப்புறம், ஆண்டுதோறும் அளந்தது. தமிழில் எழுதி, அளந்தவர் கையொப்பத்தோடு, குருசுக்குப்பத்திலும் கோட்டக்குப்பத்திலும் மீனவர் கூடும் இடத்தில் ஆண்டுக்கொரு முறை உரக்கப் படிக்கட்டும். வலப்புறப் பத்தியை நிரப்ப, கரையில் நிற்பவனையும் ஒரு கோல் பிடிக்க விடட்டும்.